பதினோராவது துளி

"பத்து விரல்தானே அக்கா இருக்கு? பதினோராவது தடவைக்கு எங்க குத்துவிய?"

கேட்டவளுக்கு அப்போது பதினொரு வயது. பெயர் இசக்கிப்பிரியா. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை செய்யும் சண்முகக்கனியின் ஒரே மகள். நன்றாக ஓடுகிற பிள்ளைகள் நாற்பது பேரை வேனில் ஏற்றித் திருநெல்வேலி ஆய்வகத்துக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி.

ஹெப்சிபா கையில் ஊசியோடு நின்றாள். ஓடும் இயந்திரம் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிற்கும். நின்றதும் ஒரு விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டும். உடம்பு கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் லாக்டேட் என்ற ஒன்று ஏறும். அந்த அளவு, பிள்ளையின் மேற்கையில் ஒட்டியிருக்கும் வட்டமான வில்லை வியர்வையிலிருந்து சொல்லும் அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போய்விட்டால் இனி எந்தப் பிள்ளையையும் ஊசியால் குத்த வேண்டாம். அந்த நாளுக்காகத்தான் இத்தனை குத்தும். பிள்ளைகள் அந்த வில்லைக்கு அன்றைக்கே பொட்டு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

பத்து விரலிலும் குத்தி முடிந்திருந்தது. ஹெப்சிபாவுக்கு வேலைக்கு வந்த முதல் வருடம் அது. எந்த விரலில் குத்துவது என்று தயங்கினாள். சிறுமி அதைப் பார்த்துவிட்டுத் தானே கையை நீட்டினாள்.

"சுண்டு விரல்லயே இன்னொருக்கா குத்துங்க. அது சின்னதுதான். ஆனா அழாது."

குத்தினாள். பிறகு அந்த விரலை வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை நாற்பது பேரின் அளவுகளையும் புள்ளிகளாக வைத்துப் பார்த்தபோது, முப்பத்தொன்பது பேரின் புள்ளிகள் ஒரு கோட்டை ஒட்டி நின்றன. முப்பத்தேழாம் எண்ணான இசக்கிப்பிரியாவின் பதினொரு புள்ளிகள் மட்டும் எங்கோ கீழே கிடந்தன. அவளுடைய ரத்தத்தில் அளவு எட்டைத் தாண்டியிருந்தது. பொட்டு இரண்டுக்கு மேல் போகவேயில்லை. ரத்தம் களைத்துவிட்டேன் என்றது. வியர்வை இன்னும் களைக்கவில்லை என்றது.

ஆய்வக இயக்குநர் ரகுநந்தன் ஹெப்சிபாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நாளைக்கு அனுமதிக்கு டெல்லிக்குப் போகணும்மா இது. அந்தப் பொண்ணு சூடு தாங்காம கையில தண்ணி கிண்ணி தெளிச்சிருக்கும். பார்த்துக்கோங்க."

அவர் நீக்கச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். ஹெப்சிபா நீக்கினாள். எதையாவது நீக்கினால் கணினி காரணம் கேட்கும். 'பங்கேற்பாளர் வில்லையின் மேல் தண்ணீர் தெளித்திருக்கலாம்' என்று தட்டினாள். முப்பத்து மூன்று நிமிடமும் அவள் அந்தப் பிள்ளையின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலைத் தொடக்கூட இல்லை. அது ஹெப்சிபாவுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் பார்த்தால் கோடு அவ்வளவு அழகாக இருந்தது.

*

பொட்டு இரக்கத்தில் பிறந்த பொருள். அதற்கு முன்பு, வெறிபிடித்த பயிற்சியாளர்கள் ஓடவிட்டு, மைதானத்திலேயே விழுந்து இறந்த பிள்ளைகள் உண்டு. பொட்டு வந்த பிறகு, அளவு எல்லை தாண்டித் திரையில் சிவப்பு எரிந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. பல தாய்மார் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

பச்சை இருந்தால் ஓடியே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. அது தானாக வந்து சேர்ந்தது. "முடியல சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பயிற்சியாளர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையிலிருந்த திரையைப் பார்த்தார். பச்சை என்றால், "நடிக்காத, ஓடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் நம்பினார், அவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து, ஒரு மே மாதக் காலையில், தூத்துக்குடி விளையாட்டு விடுதி மைதானத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருபத்தைந்து சுற்று ஓட்டத்தில் இருபத்தொன்றாவது சுற்றில் விழுந்தாள். விழுவதற்கு முன் மூன்று முறை "முடியல" என்று சொல்லியிருந்தாள். மூன்று முறையும் திரை பச்சையாகவே இருந்தது. உயிர் பிழைத்தது, சிறுநீரகம் அடிபட்டது.

விசாரணைக் குழு பொட்டின் பதிவை எடுத்துப் பார்த்தது. அதில் 'நீர் கலப்பு' என்று எச்சரிக்கை இருந்தது. அணியில் இடம் போய்விடக் கூடாது என்று பொட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பச்சையைக் காப்பாற்றியிருக்கிறாள், விழுந்ததற்குத் தானே காரணம் என்று குழு முடிவுக்கு வந்தது. விடுதி இடம் ரத்து. இரண்டு வருடத் தடை. கடைசி விசாரணை பன்னிரண்டு நாள் கழித்து. அதற்கு ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. 'கருவி சரியாக வேலை செய்தது' என்று ஆய்வகத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும்.

அந்தப் பொறுப்பில் இப்போது ஹெப்சிபாதான் இருந்தாள். தாளில் பெயரைப் படித்தாள். இசக்கிப்பிரியா, த/பெ. இல்லை, தா/பெ. சண்முகக்கனி.

'நீர் கலப்பு' விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தாள். தேடாமலே தெரியும். மென்பொருள் எழுதியவர்கள் பழைய நீக்கப் பட்டியலைப் பார்த்திருக்கிறார்கள். வியர்வையில் அளவு இப்படி நீர்த்துப்போய் வந்தால் அது தண்ணீர் தெளித்த ஏமாற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஒரு மாலை நேரத்தில் சந்தேகம்போல எழுதிவைத்த பொய், எட்டு வருடத்தில் நாடெங்கும் சட்டமாக நின்றது.

அடுத்த ஞாயிறு, கோயிலில் எல்லோரும், பாவத்தை மறைத்துக்கொண்டு பெறக் கூடாத திருவிருந்து அப்பத்துக்கு எழுந்து போனபோது ஹெப்சிபா மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தலைவலியா என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். ஆமாம் என்றாள். அதுவும் பொய்தான்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில், வார்டுக்கு வெளியே கிடந்த பெஞ்சில் சண்முகக்கனி உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குச்சட்டி. தலைக்கு மேலே மின்விசிறி ஓடியும் அவள் ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

ஹெப்சிபா ஆய்வகத்திலிருந்து வருவதாகச் சொன்னதும் சண்முகக்கனி எழுந்து நின்றாள்.

"நீங்க ஊசி குத்துன அக்காதான? மிட்டாய் குடுத்தியளாமே. ஒரு வருசம் சொல்லிட்டு இருந்தா. வெரல ஊதிவிட்டாங்கம்மா, ஊதிவிட்டாங்கம்மான்னு. உக்காருங்க."

"உள்ள போகலியாக்கா?"

"கஞ்சிய நர்ஸ் கைல குடுத்து அனுப்பிருதேன். உப்பில்லாத கஞ்சி. உப்பளத்துக்காரி மவளுக்கு டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டாரு, பாத்துக்கிடுங்க." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நான் அவகூடப் பேசி எட்டு நாளாச்சு."

"ஏன்க்கா?"

"பொறவு என்ன செய்ய? தண்ணிய ஊத்தி ஏமாத்தி, உயிரையே விடப் பாத்தாள்லா? ஊத்தலம்மான்னு சத்தியம் பண்ணுதா. எம்புள்ள பொய் சொல்லிப் பாத்ததில்ல. ஆனா படிச்ச ஆளுக செஞ்ச சாமான் பொய் சொல்லுமா? ரெண்டுல ஒண்ணுதான நெசமா இருக்கணும்."

பிள்ளையின் சத்தியத்தைவிட இந்தப் பொட்டைப் பெரிதாக்கியது யார் என்று ஹெப்சிபாவுக்குத் தெரியும். வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

இசக்கிப்பிரியா மெலிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். ஹெப்சிபாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இப்பவும் பதினொரு தடவைதான் குத்துதியளா அக்கா?"

"இல்லம்மா. இப்ப யாரையும் குத்துறதில்ல."

"நல்லதுதான்." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அக்கா, நான் தண்ணி ஊத்தல. ஊத்தலன்னுதான் நெனைக்கேன். ஆனா கடைசி ரெண்டு சுத்து எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. பொட்டு சொல்லுதுன்னா… ஒருவேள ஊத்திருப்பனோ?"

தண்டனை, தடை எல்லாவற்றையும்விட ஹெப்சிபாவை அடித்தது அந்தக் கேள்விதான். பிள்ளை தன்னையே நம்புவதை விட்டுக்கொண்டிருந்தாள்.

*

"ஒரு ஆளை வச்சு விதியை மாத்த முடியாதும்மா," என்றார் ரகுநந்தன். மேசையில் ஹெப்சிபாவின் பழைய நோட்டு விரிந்து கிடந்தது. முப்பத்தேழாம் எண்ணின் பதினொரு அளவுகளும் அதில் பேனாவில் இருந்தன. "அந்தப் பொண்ணு எட்டு வருஷம் முன்னாடியும் தண்ணி தெளிச்சான்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. காரணம் நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அது பொய் சார்."

"அதை விடுங்க. குழு கேட்கப்போறது ஒண்ணுதான். இதே மாதிரி இன்னொரு உடம்பு உண்டா? இருந்தா காட்டுங்க, நானே எழுந்து பேசுறேன். இல்லேன்னா கையெழுத்துப் போடுங்க. எனக்கு மட்டும் இதுல சந்தோஷமா?"

இன்னொரு உடம்பு. ஓடும் மின்விசிறிக்குக் கீழே நனைந்த முதுகு ஒன்று ஹெப்சிபாவின் நினைவுக்கு வந்தது.

மறுநாளே போய்க் கேட்டாள். "எனக்கு ஒரு சந்தேகம்க்கா. உங்க வேர்வைதான் தீத்துவைக்கணும்."

"எம் வேர்வையா?" சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத எவனும் சும்மாகூடக் கேட்டதில்லயேம்மா. எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்க."

*

காலை பத்து மணிக்கே உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. சண்முகக்கனி மேற்கையில் பொட்டோடு பாத்தியில் இறங்கி, நீண்ட கோலில் மாட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஹெப்சிபா வரப்பில் குடை பிடித்து நின்றாள். அடுத்த பாத்தியிலிருந்து ஒருத்தி கூவினாள்.

"என்ன சம்முவக்கா, கையில பொட்டு வச்சிட்டு ஒலிம்பிக்குக்கா?"

"ஆமாட்டி! உப்பு வாருததுக்கு மெடல் குடுத்தா இந்நேரம் ரெண்டு லாரி நெறஞ்சிருக்கும்!"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு குத்து. ஒவ்வொரு முறையும் ஹெப்சிபா விரலை நல்ல தண்ணீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைத்தான் எடுத்தாள். கழுவும்போது மேற்கையில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டாள். குத்திய விரலோடு மறுபடி உப்புநீரில் வேலை செய்ய வேண்டும். எரியும். ஒவ்வொரு விரலையும் ஊதிவிட்டாள். சண்முகக்கனி முகம் சுளிக்கவே இல்லை.

"முத சொட்ட ஏம்மா தொடைக்க?"

"விரல்ல வேர்வை ஒட்டியிருக்கும்க்கா. அது கலந்துட்டா ரத்தத்தோட அளவு கெட்டுப்போகும்."

"அப்போ வேர்வை அளவு வேற, ரத்தத்து அளவு வேறயா?"

"வேறதான்."

"அப்படியிருக்க, ரத்தத்த பத்தி வேர்வகிட்ட எதுக்குக் கேக்கிய?"

ஹெப்சிபா புது ஊசியைப் பிரித்தாள். எத்தனையோ கருத்தரங்குகளில் அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. "கேக்கலாம்னு நெனைச்சோம்க்கா. பெரும்பாலான பேருக்கு அது ஓரளவு சரியாவும் சொல்லிச்சு. எல்லாருக்கும் சொல்லும்னு எழுதினதுதான் தப்பு."

எட்டாவது குத்துக்கு வரும்போது சண்முகக்கனி முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சேலையைப் பிழியலாம் போலிருந்தது. ரத்தம் காட்டிய அளவு ஐந்தே முக்கால். ஹெப்சிபா திரையைத் திருப்பிக் காட்டினாள். பளிச்சென்ற பச்சை. இரண்டுகூட இல்லை.

"எனக்கு நெஞ்சு அடைக்குதுட்டி. இது என்ன பச்சையா நிக்கி?"

அப்போதுதான் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. ஹெப்சிபா உரக்கப் படித்தாள். "நீர் கலப்பு. வில்லையின் மேல் தண்ணீர் தெளிக்கப்பட்டுள்ளது."

"யாரு தெளிச்சா?" சண்முகக்கனி நிமிர்ந்தாள். "தெளிச்சத நீ பாத்தியா? நீதான பக்கத்துல நிக்க!"

ஹெப்சிபாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாரும் தெளிக்கலக்கா. வேர்வைச் சுரப்பியும் தன் பங்குக்கு இந்த லாக்டேட்டை உண்டாக்கும். அதோட, ஏசி அறையில வளர்ந்த உடம்புக்கு வேர்வை கொஞ்சமா வரும், கெட்டியா இருக்கும். வெயில்ல பழகின உடம்புக்கு…"

"கொட்டும்." சண்முகக்கனி காலடியில் கிடந்த உப்புநீரைப் பார்த்தாள். மெல்லப் பேசினாள். "மழ பேஞ்ச அன்னைக்கு இந்தப் பாத்தியில உப்பு அளக்குத குழாய முக்கிப் பாத்தா உப்பே இல்லன்னு காட்டும். உப்பு எங்க போச்சு? இங்கதான் கெடக்கு. தண்ணில்லா கூடிப்போச்சு." வரப்பைக் காட்டினாள். "எம்புள்ள நாலு வயசுலருந்து இந்த வரப்புல எம்பின்னால ஓடிட்டுத் திரிஞ்சவ. அவ வேர்வை எம் வேர்வைதான?"

பலகை கையிலிருந்து நழுவிப் பாத்தியில் விழுந்தது.

"சத்தியம் பண்ணுனாளே. ஊத்தலம்மா, ஊத்தலம்மான்னு எங்கால தொட்டுல்லா சொன்னா. இத்தன நாளு நான் அவ மூஞ்சியக்கூட…" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று கையை நீட்டினாள். "இன்னும் மூணு பாக்கின்னிய. வெரசாக் குத்து. நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

பத்து விரலும் தீர்ந்தபின், பதினோராவதுக்கு அவளாகவே சுண்டு விரலைத்தான் நீட்டினாள்.

வார்டு வாசலில் நின்று ஹெப்சிபா பார்த்தாள். சண்முகக்கனி மகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. உப்புப் பூத்த காலோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்து, உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியால் ஆற்றி ஆற்றி ஊட்டினாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனிகளில் இருந்த சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

*

விசாரணையில் ரகுநந்தன் சொன்னபடியே எழுந்து பேசினார். நன்றாகவும் பேசினார். இசக்கிப்பிரியாவின் மேல் இருந்த குற்றம் நீங்கியது; விடுதி இடம் திரும்பியது. அவள் மறுபடி ஓடுவாளா என்பதை மட்டும் மருத்துவர்கள் சொல்லவில்லை. வெயிலில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளை வைத்து அளவை மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை வியர்வை மிகுந்தால் பொட்டு பச்சையோ சிவப்போ காட்டக் கூடாது என்று குழு உத்தரவிட்டது.

"இந்தக் குறையைத் தானே தேடிக் கண்டுபிடித்தவர் எங்கள் ஹெப்சிபா," என்று ரகுநந்தன் முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

குழுவுக்குக் கொடுத்த அறிக்கையின் கடைசியில், பொய்க் காரணம் எழுதி நீக்கியது தான்தான் என்று ஹெப்சிபா எழுதியிருந்த இரண்டு வரி அச்சில் இல்லை. காலையில்தான் பார்த்தாள். "அது நம்ம உள் விஷயம்மா. ஆய்வகத்துக்குக் கெட்ட பேரு வேணாம்," என்றிருந்தார் அவர். குழுவிடம் தானே சொல்லிவிடலாம் என்று எழுந்தபோது தலைவர் கோப்பை மூடிவிட்டார்.

வாசலில் சண்முகக்கனி அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"அக்கா, அன்னைக்கு நான்தான்…"

"நீதாம்மா. நீதான். எம்புள்ளைய எனக்குத் திருப்பித் தந்தவ நீதான்."

ஹெப்சிபாவுக்கு அந்தக் கைகளின் சூடு தாங்க முடியவில்லை. இந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.

சனிக்கிழமை காலை ஆய்வகத்தில் யாரும் இல்லை. வாட்ச்மேன் கேட்டைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். ஹெப்சிபா மூலப் பட்டியலைத் திறந்தாள். குழு சொன்ன திருத்தத்தை முதலில் செய்தாள். வியர்வை மிகுந்தால் திரை வெள்ளையாகும். அதில் என்ன எழுதுவது என்பதை அவளிடமே விட்டிருந்தார்கள். 'ஓடுபவரிடம் கேளுங்கள்' என்று எழுதினாள்.

பிறகு பழைய நோட்டைப் பிரித்தாள். முப்பத்தேழாம் எண்ணின் அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து உள்ளே ஏற்றினாள். பதினொன்றும் ஏறியதும் அந்த அழகான கோடு குலைந்தது. புள்ளிகள் சில கோட்டருகே, சில எங்கோ கீழே என்று, ஊர் ஜனம்போல நின்றன.

நீக்கக் காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய பழைய வரி அப்படியே இருந்தது. அதை அழித்தாள். அந்த இடத்தில் எழுதினாள்:

'இந்தப் பிள்ளை தண்ணீரைத் தொடவில்லை. முப்பத்து மூன்று நிமிடமும் நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். நீக்கியது என் தவறு. ஹெப்சிபா.'

இனி எந்த ஊரில் யார் அந்தப் பட்டியலைத் திறந்தாலும் அந்த வரி இருக்கும். அழிக்க முடியாதபடி பூட்டினாள். கீழே சாட்சி என்று ஒரு கட்டம் இருந்தது, விருப்பமிருந்தால் நிரப்பலாம். அதில் விரல் சற்று நேரம் நின்றது. அன்றைக்கு அவளைத் தவிரப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை; வெறுமையாகவே விட்டாள்.

நோட்டில் பதினோராவது அளவுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புப் புள்ளி காய்ந்து கிடந்தது. அன்றைக்குச் சுண்டு விரலிலிருந்து சிந்தியது. அதன்மேல் படிந்திருந்த தூசியை மெல்ல ஊதிவிட்டு நோட்டை மூடினாள். வாட்ச்மேன் திரும்பி வந்தபோது அவள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள்.